வருமானம் நின்றுபோன நாட்களில் கர்த்தரைச் சார்ந்திருக்கப் பழகுவது எப்படி

நம்முடைய சபைகளில் ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டால், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதே யாராவது ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல் வேதத்திலிருந்தே வந்தது. தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் ஈசாக்கு கேட்டபோது, ஆபிரகாம் "தேவன் தமக்குத் தகனபலிக்கான ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார்" என்றார். எபிரெய மூலத்தில் அங்கே நிற்கும் வினைச்சொல்லின் முதற்பொருள் 'காணுதல்' என்பதாகும். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் 'பார்த்துக்கொள்வார்' என்று எழுதியதால், பார்ப்பதும் பராமரிப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. ஆபிரகாம் அதைச் சொன்னபோது, பின்பு பலிக்குக் கிடைத்த ஆட்டுக்கடாவை இன்னும் பார்க்கவில்லை. மூன்று நாள் நடந்துவந்து, கத்தியையும் நெருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு மலையேறும் வழியில் சொன்னார். ஆகையால், அந்தச் சொல்லை வாயால் சொல்லிவிட்டு, நள்ளிரவில் கண்விழித்து வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பவர்கள் தங்களை விசுவாசமற்றவர்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் இன்னும் மலையேறும் வழியில் இருக்கிறார்கள்.

நான் வேலைபார்த்த அச்சகம் 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் மூடப்பட்டது; அதற்குப்பின் பதினொரு மாதங்கள் எங்கள் வீட்டில் நிலையான வருமானம் இல்லை. அந்த மாதங்களில் நானும் என் மனைவியும் எதைச் செய்தோம், எதில் தவறினோம், எது எங்களைத் தாங்கியது என்பதை, அதே பாதையில் இன்று நடக்கிறவர்களுக்குப் பயன்படும்படி எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்வதானால், கர்த்தர்மேல் சார்ந்திருப்பது ஒரு நாளின் அளவில் மட்டுமே பழகக்கூடியது. ஒரு வருடத்திற்கான விசுவாசத்தை ஒரே இரவில் திரட்ட முயன்றபோதெல்லாம் நான் தோற்றுப்போனேன்.

முதலில் முறையிடுங்கள்

துக்கத்தை அடக்கிக்கொண்டு உடனே துதிக்கத் தொடங்கவேண்டும் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். அவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் சங்கீதக்காரன் அப்படிச் செய்யவில்லை. 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள்தான் உள்ளன. அவற்றில் முதல் இரண்டில் மட்டும் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. "எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்" என்று தாவீது கேட்பதை வாசிக்கும்போது, நள்ளிரவில் நாம் போடும் கணக்கை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்று தோன்றுகிறது. அந்தச் சங்கீதத்தை ஒரு வாரத்திற்கு உங்கள் ஜெபமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் தனித்தனியாக அழுவதைவிட ஒன்றாக உட்கார்ந்து சத்தமாக வாசிப்பது நல்லது. முறையிடுகிறவன் கர்த்தரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான் என்பதை மறக்கவேண்டாம்.

உங்கள் ஓமர் எவ்வளவு என்று அறியுங்கள்

அடுத்ததாக யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் சிறிது சிறிதாக வாசியுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அதற்கு முந்தின அதிகாரம் ஏலிமில் முடிகிறது. அங்கே பன்னிரண்டு நீரூற்றுகளும் எழுபது பேரீச்சமரங்களும் இருந்தன. அந்த நிழலை விட்டுப் புறப்பட்ட ஜனங்கள், எகிப்தைவிட்டு வந்த இரண்டாம் மாதம் பதினைந்தாம் தேதியில் சீன் வனாந்தரத்தில் பசியோடு நிற்கிறார்கள். அடிமைகளாக அடிபட்ட தேசத்தின் இறைச்சிப் பாத்திரங்கள் அவர்கள் நினைவுக்கு வருகின்றன. பசி பழைய நாட்களை இனிப்பாக்கிக் காட்டும் என்பதற்கு இதைவிட நேர்மையான பதிவு கிடையாது. போன வேலையைப் பற்றி நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே எத்தனை மாதங்கள் சம்பளம் தாமதமாக வந்தது என்பதை என் மனைவிதான் நினைவுபடுத்தினாள்.

கர்த்தர் வானத்திலிருந்து மன்னா என்னும் உணவை அனுப்பியபோது, தலைக்கு ஒரு ஓமர் என்று அளவையும் சேர்த்தே கொடுத்தார். ஓமர் என்பது ஏறக்குறைய இரண்டு லிட்டர் கொள்ளும் அளவு. ஒவ்வொரு நாளுக்கும் வேண்டியதை அந்தந்த நாளிலே சேர்க்கவேண்டும்; மறுநாளுக்கென்று மீதி வைத்தால் அது பூச்சிபிடித்து நாறும். கருத்தாய் அளந்து பார்த்தபோது, அதிகமாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை.

இதைப் படித்தபின் நாங்கள் செய்ததை நீங்களும் செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டின் ஒரு நாளைய தேவையை எழுதுங்கள். அரிசி, பருப்பு, பால், பெரியவர்களின் மாத்திரை, பேருந்துக் கட்டணம், அலைபேசி ரீசார்ஜ், மாத வாடகையை முப்பதால் வகுத்து வரும் தொகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறியுங்கள். இன்னொரு தாளில் கடன்களை எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று மறைக்காமல் எழுதுங்கள். மூன்றாவது தாளில் கௌரவச் செலவுகளை எழுதுங்கள். சொந்தக்காரர் வீட்டுத் திருமணத்தில் செய்யவேண்டிய மொய், கிறிஸ்துமஸ் புதுத்துணி, பிறந்தநாள் விருந்து போன்றவை அதில் வரும். எங்கள் பயத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி இந்த மூன்றாவது தாளிலிருந்தே வந்தது என்பதை எழுதிப் பார்த்தபோதுதான் அறிந்தோம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கற்பிக்கப்பட்ட ஜெபத்தை முதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். சிறுவயது முதல் சொல்லிவந்த வார்த்தைகளுக்கு அன்று ஓர் எடை கூடும்.

சேமிப்பு அவிசுவாசம் என்று இதற்குப் பொருளல்ல. ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து ஓய்வுநாளுக்கு வைத்த மன்னா நாறவில்லை. எகிப்தில் யோசேப்பு ஏழு வருட விளைச்சலைக் களஞ்சியங்களில் சேர்த்துவைத்ததால் பல தேசங்கள் பிழைத்தன. கர்த்தருடைய வார்த்தைக்குக் கீழ்ப்படிந்து சேர்ப்பதற்கும், அவரை நம்பாமல் பதுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் வெளிப்பார்வைக்குத் தெரியாது. அவரவர் மனச்சாட்சி அதை அறியும்.

கடன்காரருக்கு முன்பாக நீங்களே போங்கள்

இரண்டாவது தாளுக்கு வருவோம். தீர்க்கதரிசி எலிசாவிடம் வந்த விதவையின் கதை இதற்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. கடன்கொடுத்தவன் அவளுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாக்க வந்துவிட்டான். எலிசா அவளிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அயலகத்தாரிடம் வெறும்பாத்திரங்களைக் கேட்டு வாங்கும்படி அனுப்பினார்; ஆகவே அவளுடைய நெருக்கம் தெருவுக்கே தெரிந்திருக்கும். எண்ணெய் பெருகி நின்றபோது, அதை விற்று முதலில் கடனைத் தீர்க்கவும், மீந்ததைக்கொண்டு ஜீவனம்பண்ணவும் சொன்னார். அற்புதத்தின் நடுவிலும் கையிருப்பைப் பார்ப்பது, உதவி கேட்பது, விற்பது, கடனை அடைப்பது என்ற சாதாரண வேலைகள் அனைத்தும் அவள் கையிலேயே விடப்பட்டன.

ஆகவே தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய் மேலாளரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லுங்கள், அவகாசம் கேளுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் கட்டணத்தைப் பகுதி பகுதியாகச் செலுத்த அனுமதி கேளுங்கள். வீட்டு உரிமையாளரைத் தவிர்த்து ஒளிந்து நடக்காதீர்கள். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் கந்துவட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள். அதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதலே இருக்கிறது, ஆனாலும் அதில் சிக்கிய குடும்பங்கள் நம் சபைகளிலேயே உள்ளன. ஜெபித்துவிட்டேன், இனி யாரிடமும் பேசவேண்டியதில்லை என்று முதல் மாதத்தில் நான் இருந்துவிட்டேன். அதை அப்போது விசுவாசம் என்று எண்ணினேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திற்கு விசுவாசம் என்று பெயரிட்டுக்கொண்டேன்.

வேலை தேடுவதும் இப்படித்தான். மன்னா வானத்திலிருந்து பெய்தது. ஆனாலும் வெயில் ஏறினால் உருகிப்போகும் என்பதால் அவர்கள் விடியற்காலையில் எழுந்து குனிந்து பொறுக்கவேண்டியிருந்தது. படிப்புக்கும் அனுபவத்திற்கும் குறைந்த வேலை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான் சில மாதங்கள் ஒரு கடைக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். கூடாரம் தைத்த அப்போஸ்தலனாகிய பவுலுடைய நிருபங்களை அந்த நாட்களில் புதிதாக வாசித்தேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கத்தில் நீங்கள் கேட்டதையும் கேட்ட தேதியையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் அது வந்த தேதியையும், யார் கையால் வந்தது என்பதையும் எழுதுங்கள். "எங்களை ஆசீர்வதியும்" என்று எழுதாதீர்கள். "வியாழக்கிழமைக்குள் அம்மாவின் மருந்துக்கு 640 ரூபாய்" என்று எழுதுங்கள். வராதவற்றின் எதிரே வெற்றிடத்தை அப்படியே விடுங்கள். அதைச் சமாளித்து நிரப்பவேண்டாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836ஆம் ஆண்டு வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், தம் ஊழியத்தின் தேவைகளை மனிதரிடம் கேட்பதில்லை என்று தீர்மானித்திருந்தார். 1838ஆம் ஆண்டில் பணம் வற்றியபோது உடன் ஊழியர்களை மட்டும் கூட்டி நிலைமையைச் சொல்லி, அவர்களோடு சேர்ந்து ஜெபித்தார். 1870ஆம் ஆண்டுக்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய இல்லங்கள் எழும்பியிருந்தன. அவருடைய வாழ்நாளில் பராமரிக்கப்பட்ட பிள்ளைகள் பதினாயிரம் பேர் என்பதைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பிரசங்கங்களில் குறைவாகச் சொல்லப்படுவது, அவர் வரவு செலவை எவ்வளவு நுணுக்கமாக எழுதினார் என்பதும், கடன் வாங்க மறுத்தார் என்பதும், ஆண்டுதோறும் அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டார் என்பதுமே. அவருடைய விசுவாசம் கணக்குப் புத்தகத்தோடு கூடிய விசுவாசம்.

மன்னாவில் ஒரு ஓமரைக் கலசத்தில் எடுத்து, வரப்போகும் தலைமுறைகள் காணும்படி வைக்கக் கர்த்தர் கட்டளையிட்டார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாளைக்குக்கூடத் தாங்காத மன்னா, நினைவுக்காக வைத்தபோது தலைமுறைகளுக்குத் தாங்கியது. உங்கள் நோட்டுப் புத்தகம் அந்தக் கலசத்தின் வேலையைச் செய்யும்.

எதிர்பாராத கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்

முல்லர் யாரிடமும் கேட்கவில்லை என்பதால் நீங்களும் கேட்கக்கூடாது என்று முடிவுசெய்யவேண்டாம். அது அவருக்குக் கொடுக்கப்பட்ட தனி அழைப்பு. எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பவுல் வெளிப்படையாகக் கேட்டார். கொரிந்து சபைக்கு இரண்டு அதிகாரங்கள் அதற்காகவே எழுதினார். "தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம்" நிறைவாக்குவார் என்று அவர் எழுதிய வாக்குத்தத்தமும், சிறையிலிருந்த தமக்கு எப்பாப்பிரோதீத்துவின் கையில் பணம் அனுப்பிய பிலிப்பி சபைக்கு எழுதிய நன்றிக் கடிதத்தில்தான் இருக்கிறது. உங்கள் போதகரிடமோ நம்பிக்கைக்குரிய மூப்பர் ஒருவரிடமோ உள்ளதைச் சொல்லுங்கள்.

தீர்க்கதரிசி எலியாவின் வரலாறு இன்னும் ஆழமானது. மழை பெய்யாது என்று அறிவித்தவர் அவரே. கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் அவருக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன, ஆனால் "தேசத்தில் மழை பெய்யாதபடியினால், சில நாளுக்குப்பின்பு அந்த ஆறு வற்றிப்போயிற்று." கர்த்தர் காட்டிய இடத்தில், கர்த்தர் காட்டிய ஆறே வற்றியது. வற்றியபின்தான் சாறிபாத்துக்குப் போ என்ற அடுத்த வார்த்தை வந்தது. அந்த ஊர் சீதோனைச் சேர்ந்தது. எலியாவைக் கொல்லத் தேடிய யேசபேலின் தகப்பன் ஆண்ட நாடு அது. அங்கே அவரைப் போஷித்தவள் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே வைத்திருந்த புறஜாதி விதவை. எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் வேற்றுச் சமயத்தவர் ஒருவர், நாங்கள் கேட்காமலே பற்று நோட்டை மூன்று மாதங்கள் நீட்டித்துக் கொடுத்தார். சபையிலிருந்து உதவி வரும் என்று எதிர்பார்த்திருந்த எங்களுக்கு அது முதலில் வருத்தமாகவும், பின்பு மிகுந்த நன்றியாகவும் இருந்தது.

கொடுப்பதை நிறுத்தாதீர்கள், பேரம் பேசாதீர்கள்

நம்முடைய கிராமச் சபைகளில் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, அதைக் காணிக்கையாகக் கொண்டுவரும் பழக்கம் உண்டு. வருமானம் நின்றபோது, அதில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்துக்கு எதைக் கணக்கிடுவது என்று தெரியாமல் நின்ற எங்களுக்கு, இந்தப் பிடியரிசி வழிகாட்டியது. பணமில்லாத வீட்டிலும் தினமும் கொடுக்கக்கூடிய காணிக்கை அது. எங்களைவிட ஏழையான ஒரு வீட்டுக்கு அந்த அரிசியைக் கொடுத்தோம்.

அதே சமயத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கடன் வாங்கியாவது விதைக் காணிக்கை அனுப்புங்கள், நூறு மடங்கு திரும்ப வரும் என்று நெருக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லப்படுகிறது. அது சுவிசேஷம் அல்ல என்று நான் முழு மனதோடு சொல்கிறேன். கிருபையை வட்டிக் கணக்காக மாற்றி, கடைசி நகையையும் விற்கவைக்கும் போதனைக்குச் செவிகொடுக்காதீர்கள்.

வாக்குத்தத்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசியுங்கள்

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையைப் பலர் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருப்போம். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுக்கும் சமாதானத்துக்கேதுவான நினைவுகள் அவை. அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தால், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் என்பதும், அதற்கு முந்தின வசனம் எழுபது வருடங்களைப் பற்றிப் பேசுகிறது என்பதும் தெரியும். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்கு உடனடியாகக் கொடுக்கப்பட்ட கட்டளை, வீடுகளைக் கட்டி, தோட்டங்களை நாட்டி, அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்பதே. ஆகவே, நிலைமை மாறும்வரை வாழ்க்கையை ஒத்திவைக்காதீர்கள். பிள்ளைகளின் படிப்பையும், நண்பர்களின் வருகையையும், ஞாயிறு மதிய உணவையும், அது வெறும் ரசமும் துவையலுமாக இருந்தாலும், வழக்கம்போல நடத்துங்கள். பிள்ளைகளிடம் அவர்கள் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லி, ஜெபக் குறிப்புகளில் ஒன்றை அவர்கள் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வலப்பக்கம் வெறுமையாக இருக்கும்போது

எங்கள் நோட்டில் வெற்றிடங்கள் உண்டு. சுகத்திற்காக நாங்கள் கேட்ட என் தாயார் அந்த ஆண்டில் மரித்துப்போனார். அந்த வரியின் எதிரே இன்றுவரை ஒன்றும் எழுதவில்லை. கர்த்தருடைய பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடக்கூடாது. அக்கினிச்சூளையின் முன் நின்ற மூன்று வாலிபர்கள், தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன அதே மூச்சில், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய தேவர்களை ஆராதிக்கமாட்டோம் என்று ராஜாவிடம் சொன்னார்கள்.

திருநெல்வேலி மாவட்டத்தின் டோனாவூரில் 1901ஆம் ஆண்டு முதல் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931ஆம் ஆண்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். அந்த ஊழியத்தின் தேவைகளுக்காக அவர் வெளியே நிதி கேட்டதில்லை. பிள்ளைகளுக்குச் சோறு வந்தது, அவருடைய காலுக்கு முழுச் சுகம் வரவில்லை. படுக்கையிலிருந்தே அவர் பல புத்தகங்களை எழுதினார். டோனாவூரில் அவருடைய கல்லறையின்மேல் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்று இருக்கிறது; அதில் தாயைக் குறிக்கும் ஒரே சொல்லை மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

ரோமர் 5ஆம் அதிகாரத்தில் உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது என்று வாசிக்கிறோம். இங்கே 'பரீட்சை' என்ற சொல் இன்றைய காதுக்குத் தேர்வு எழுதுவதுபோல் கேட்கிறது. மூலச்சொல், சோதித்துப் பார்த்துத் தேறியது என்று உறுதிசெய்யப்பட்ட தன்மையைக் குறிக்கிறது, புடமிடப்பட்ட பொன்னைப்போல. அது தானாக வருவதில்லை. பவுல்கூட எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்றுதான் எழுதுகிறார். வெற்றிடத்தைப் பார்த்துக் கோபம் வருகிற நாளில் 13ஆம் சங்கீதத்துக்குத் திரும்புங்கள். மறுநாள் காலையில் முதல் தாளை எடுத்து அன்றைய ஓமரைக் கேளுங்கள். அன்று ஜெபிக்க வார்த்தை வராவிட்டால், சபையில் ஒருவரிடம் உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள்.

வருமானம் திரும்பி வந்தபின்

யோசுவா 5ஆம் அதிகாரத்தில், ஜனங்கள் கானான் தேசத்தின் தானியத்தைப் புசித்த மறுநாளிலே மன்னா பெய்யாமல் ஒழிந்தது என்று ஒரே வசனத்தில் சொல்லப்படுகிறது. நாற்பது வருடங்கள் தினமும் குனிந்து பொறுக்கியவர்கள் அன்று காலையில் வெறுந்தரையைப் பார்த்திருப்பார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு காலை வரக்கூடும். வேலை கிடைக்கும், பற்று நோட்டு அடைபடும், விடியற்காலையில் எழுந்து கேட்கவேண்டிய கட்டாயம் குறையும். அந்த நாளில் நோட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். எனக்கு மறுபடியும் முதல் சம்பளம் வந்த அன்று, இடப்பக்கத்தில் எழுதியிருந்த "வேலை" என்ற வரியின் எதிரே தேதியைக் குறித்தோம். மளிகைக் கடைக்காரரின் பாக்கியை அன்றே கொண்டுபோய்க் கொடுத்தோம். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பி, நாங்கள் கேட்டு வாங்காதிருந்த அரிசி, பால், பேருந்துக் கட்டணம் ஆகியவற்றையும் வழக்கம்போல எழுதினோம்.